மூன்றணாவும் பதினைந்தணாவும்

வருமான ஏற்றத்தாழ்வு பற்றி இந்த நாட்டில் நடந்த வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1963 ஆகஸ்டில் மக்களவையில் நடந்தது. நேரு அரசின் மீது ஆச்சார்ய கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அந்த விவாதத்தில், இடைத்தேர்தலில் ஜெயித்துப் புதிதாக அவைக்குள் வந்திருந்த ராம் மனோகர் லோகியா எழுந்தார். பிரதமருக்காக நாளொன்றுக்கு ரூ. 25,000 செலவாகும் நாட்டில் 27 கோடிப் பேர் தினம் மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்றார். மூன்றணா அல்ல, பதினைந்தணா என்றது அரசுத் தரப்பு.

நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் பதினைந்தணாவுக்குப் பக்கத்தில்தான் வரும். அதில் பிழையில்லை. ஆனால் லோகியா பேசியது 44 கோடியின் சராசரியைப் பற்றி அல்ல, அதில் அடித்தட்டில் கிடந்த அறுபது விழுக்காட்டைப் பற்றி. மூன்றணா என்பது குறைத்துச் சொன்ன கணக்காகவே எனக்குப் படுகிறது. அப்படியிருந்தும் வாதத்தில் ஜெயித்தது அவர்தான். சராசரி என்ற போர்வைக்குள் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று முதலில் விலக்கிப் பார்க்கச் சொன்னவர் அவர்.

அதற்குப் பின் வந்த வாதங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்த அணாச் சண்டையின் தொடர்ச்சிதான். எத்தனையோ மரபுகள் இதில் மோதியிருக்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது.

ராஜாஜி 1959-ல் சென்னையில் தொடங்கிய சுதந்திராக் கட்சி, லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம்தான் நோய் என்றது. சந்தையைத் திறந்தால் செல்வம் பெருகும், பெருகினால் கீழேயும் வரும் என்பது அந்த மரபு. 2013-ல் ஜகதீஷ் பகவதிக்கும் அமர்த்யா சென்னுக்கும் நடந்த காரசாரமான மோதலில் பகவதி நின்றது இந்தப் பக்கத்தில். இவர்களுடைய அளவுகோல் வறுமைக் கோடு. ஏழையின் தட்டில் சோறு கூடினால் போதும், பணக்காரரின் தட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். சந்தை திறக்கப்பட்ட 1991-க்குப் பின் வறுமை குறைந்தது உண்மை. அதை மறுக்கிற இடதுசாரி நண்பர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் இடைவெளியைப் பார்க்க வேண்டாம் என்பதையும் ஏற்க முடியவில்லை. மேலே குவிகிற பணம் பெட்டிக்குள் சும்மா கிடப்பதில்லை. கல்லூரி இடத்தையும், நிலத்தின் விலையையும், தேர்தலையும் அது தொடுகிறது.

காந்தியின் தர்மகர்த்தா முறை, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கிராமப் பொருளாதாரம், 1951-ல் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூமிதானம் ஆகியவை இன்னொரு மரபு. மனம் மாறினால் மடி திறக்கும் என்று நம்பிய மரபு அது. மனிதர்கள் உயர்ந்தவர்கள், அளவுகோல் மட்டும் இல்லை.

இடதுசாரி மரபு நிலத்தையும் கூலியையும் அளந்தது. கூலி கேட்டதற்கு என்ன விலை என்பதைக் கீழத் தஞ்சை 1968 டிசம்பர் 25 இரவில் கண்டது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1961-ல் 30 தர ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு 1970-ல் 15 ஆனது. ஏட்டில் குறைந்த ஏக்கர் எத்தனை பினாமிப் பெயர்களில் பிரிந்து நின்றது என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கரின் கேள்வி இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு. இந்த முரண்பாட்டை நீண்ட காலம் தாங்க முடியாது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். பெரியாரின் மரபும் இதற்குப் பக்கத்தில் நிற்பது. பணத்தை மட்டும் அளக்கிறவன் பாதியைத்தான் அளக்கிறான், யாருக்கு எந்த நாற்காலி கிடைக்கிறது என்பதையும் எண்ண வேண்டும் என்பது அதன் வாதம். இட ஒதுக்கீடு தந்த வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் விழுந்து, 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்குச் சென்னை மாநிலம் ஒரு காரணமானது இந்த வாதத்தால்தான்.

வரி மரபின் கதை தனி. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956-ல் தந்த ஆலோசனையை ஏற்று, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957-ல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். இறப்புக்குப் பின் கைமாறும் சொத்துக்கு 1953-லேயே வரி இருந்தது. 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடு. ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 98 காசு. இதைச் சோஷலிசத்தின் பொற்காலம் என்பாரும் உண்டு, பைத்தியக்காரத்தனம் என்பாரும் உண்டு. அரசின் கண்ணுக்கு வருமானம் தெரியாத நாட்டில் இரண்டு பேச்சுமே அரைகுறைதான். கறுப்புப் பணமாக மறைந்ததற்கு எந்த விகிதம் போட்டால் என்ன? வாரிசுச் சொத்து வரி 1985-ல் போயிற்று, சொத்து வரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி என்ற பேச்சு எழுந்ததுமே காங்கிரஸ் அது தன் கருத்தல்ல என்று விலகிக்கொண்டது. அந்த வரியை 1985-ல் ரத்து செய்ததும் காங்கிரஸ் ஆட்சிதான்.

தமிழ்நாடு தனக்கென ஒரு பாதை போட்டது. காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் ரேஷன். யார் ஏழை என்று அளக்கிற வேலையே வேண்டாம், வருகிறவர்களுக்கெல்லாம் போடு என்பதுதான் இதன் சூட்சுமம். 'இலவசம்' என்று ஏளனம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அளக்க வேண்டி வந்தபோது என்ன ஆனது என்பதற்கு 2023-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை உதாரணம். மாதம் ரூ. 1,000 பெற, குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள். ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். வருமானத்தைக் கேட்டால் உண்மை வராது என்று அரசுக்கே தெரியும். அதனால்தான் மின்சார மீட்டரும் சாட்சிக்கு வந்தது.

வருமானத்தை நேராக அளக்க முடியாத இந்தக் குறைதான் எல்லா மரபுகளையும் பிடித்திருக்கிறது. உலக வங்கி 2025-ல் வெளியிட்ட குறிப்பில், இந்தியாவின் ஜினி எண் 2022-23-ல் 25.5. பூஜ்யம் என்றால் முழுச் சமம், நூறு என்றால் எல்லாம் ஒருவரிடம். அதை வைத்து, உலகிலேயே சமத்துவத்தில் நான்காம் இடம் நமக்கு என்று மத்திய அரசு பெருமைப்பட்டது. அதே குறிப்பிலேயே, உலக ஏற்றத்தாழ்வுத் தரவகத்தின் கணக்குப்படி இந்திய வருமான ஜினி 2023-ல் 62 என்றும் இருக்கிறது. முதலாவது செலவை அளப்பது, இரண்டாவது வருமானத்தை. கோடீஸ்வரரும் மூன்று வேளைதான் சாப்பிடுகிறார். மிச்சம் சேமிப்பாகவும் பங்காகவும் நிலமாகவும் போகிறது. அது செலவுக் கணக்கில் ஏறாது. கேட்டில் காவலாளி நிற்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் கணக்கெடுப்பாளர் நுழைவதும் சுலபமில்லை. நிதின் பாரதி, லூகா ஷான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி நால்வரும் 2024-ல் தந்த மதிப்பீட்டில், மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் போவது 22.6 விழுக்காடு வருமானம். 1980-களின் தொடக்கத்தில் அது 6 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்களுடைய கணக்கும் வரிப் புள்ளிவிவரத்தையும் அனுமானத்தையும் சேர்த்துக் கட்டியது, குறை சொல்ல இடமுண்டு. ஆனால் அதைக் குறை சொல்கிற அரசு மாற்றுக் கணக்கு எதையும் மேஜையில் வைக்கவில்லை.

ஆகவே இந்த வாதத்துக்குள் வருகிறவரிடம் நான் கேட்பது இவ்வளவே. செலவா, வருமானமா, சொத்தா, எதை அளந்தீர்கள்? மேல்தட்டில் இருப்பவர் உங்கள் கணக்கில் இருக்கிறாரா? பதில் சொல்லாதவர் எந்தக் கொடியைப் பிடித்தாலும் பதினைந்தணாக் கட்சிதான்.

தேசிய அளவில் குடும்ப வருமானத்தை நேராகக் கேட்கும் முழுக் கணக்கெடுப்பு இதுவரை நடந்து முடிந்ததில்லை. பழைய சோதனை முயற்சிகளில், மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைக்கூட எட்டவில்லை என்று கைவிட்டார்கள். 2026-ல் அப்படியொன்றை நடத்தப் போவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-ல் அறிவித்தது. இதைப் படிக்கிற வசதியுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கெடுப்பாளர் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பாமல் உட்காரச் சொல்லுங்கள். சம்பளத்தோடு வாடகையையும் வட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.