கூத்து நோட்டீஸும் ஒரு இணையதளமும்

தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து வைக்கும்போது ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். 18 நாள் உற்சவம் என்றால் 18 வரிசை இருக்கும். தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, பகல் பிரசங்கத்தில் என்ன கதை, ராத்திரி என்ன கூத்து, அன்றைய உபயதாரர் யார் எல்லாம் அதில் வந்துவிடும். அர்ச்சுனன் தபசு என்றைக்கு, படுகளம் என்றைக்கு என்று டீக்கடைச் சுவரில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம்.

சமீபத்தில் ஒரு பண்பாட்டு நிறுவனம் தன் இணையதளத்தைப் புதுப்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், இந்தக் குறை அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொபைலில் ஒழுங்காகத் திறக்கிறது, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. சரி, இந்த வாரம் என்ன நிகழ்ச்சி? முகப்பில் ஸ்லைடர் ஓடுகிறது, அதில் இல்லை. 'செய்திகள்', அதற்குள் 'அறிவிப்புகள்', அதற்குள் ஒரு பிடிஎஃப். திறந்தால் அச்சடித்த அழைப்பிதழை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி போன வாரமே முடிந்துவிட்டது.

கலர் மாறியிருக்கிறது, அடுக்கு மாறவில்லை. மெனுவைப் பார்த்தால் அலுவலகத்தின் பிரிவுகள் அப்படியே வரிசையாக இருக்கின்றன. கண்காட்சி ஒரு பிரிவு, சொற்பொழிவு இன்னொரு பிரிவு. எந்தப் பிரிவு நடத்துகிறது என்பது வருகிறவருக்கு எதற்கு? அவர் கேட்பது எப்போ, எங்கே, யார் வேண்டுமானாலும் வரலாமா, முடிந்தபின் ஊருக்கு பஸ் இருக்குமா என்பதுதான்.

ஸ்கேன் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் பல வருஷம் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்துத் தளம் நடத்தினோம், எதைத் தேடினாலும் சிக்காது. அதைத் தாண்டி வந்தபின், தேட வேண்டிய விவரத்தையே படமாக்கி வைத்தால் பழைய இடத்துக்கே திரும்பின மாதிரிதான். பார்வையற்றவரின் மொபைல் அந்தப் படத்தைச் சரியாகப் படித்துச் சொல்லும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் சேர்கிறது. அந்த நாள் மாதாமாதம் வேறு இங்கிலீஷ் தேதியில் வரும், ஆனாலும் ஜனங்கள் தவறவிடுவதில்லை, வீட்டுக் காலண்டரில் போட்டிருக்கிறது. இன்றைக்குப் பலருக்குக் காலண்டர் மொபைலில். நிகழ்ச்சியை அங்கே நேராகச் சேர்க்க ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998-லிருந்து இருக்கிறது. தேடுபொறிக்குத் தேதியையும் இடத்தையும் புரிகிற மாதிரி சொல்ல 2011-ல் ஸ்கீமா.ஆர்க் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

'அப்டேட் பண்ண ஆள் இல்லை' என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அழைப்பிதழுக்காக யாரோ ஒருவர் அந்த விவரத்தை ஏற்கெனவே டைப் பண்ணித்தானே இருக்கிறார்? தேதி, நேரம், இடம், என்ன நிகழ்ச்சி, யார் நடத்துகிறார்கள், கட்டணம் என்று ஆறு கட்டம் உள்ள ஒரு படிவத்தில் முதலில் போடட்டும். தளமும் அழைப்பிதழும் அதிலிருந்தே வரட்டும். கூத்து நோட்டீஸில் இருப்பதும் ஏறக்குறைய இதே கட்டங்கள்தான்.

பெரிய இழப்பு வேறொன்று. முடிந்த நிகழ்ச்சியைத் தளத்திலிருந்து அழித்துவிடுகிறார்கள். லண்டனின் பிராம்ஸ் இசை விழா 1895-ல் தொடங்கியது. அன்றிலிருந்து எந்த நாளில் யார் என்ன வாசித்தார்கள் என்பதை பிபிசி தளத்தில் இன்றும் தேடிப் பார்க்கலாம். இணைய முகவரிகள் மாறக் கூடாது, பழையதும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். நம் பக்கத்தில் ஒரு கூத்துக் குழு எந்தெந்த மேடையில் ஆடியது என்று 10 வருஷம் கழித்து ஒருவர் எழுத உட்கார்ந்தால் கையில் என்ன இருக்கும்? ஆடியவர்களின் ஞாபகம்தான். அவர்களும் போய்விட்டால் அதுவும் இல்லை.

சுவரில் ஒட்டின நோட்டீஸ் மழைக்குத் தாங்காது, அது காகிதம். அழியாமல் வைத்திருக்கக்கூடிய இடம் இணையதளம். அடுத்த முறை தளத்தைப் புதுப்பிக்கிறவர்கள் ஸ்லைடரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த வாரத் தேதிகளை வரிசையாகப் போடட்டும். கீழே 'முடிந்தவை' என்று ஒரு இணைப்பு. இப்போதைக்கு அவ்ளோ போதும்.