சுவர் மட்டும் மாறவில்லை

பாரிஸின் கிழக்கு ஓரத்தில் நிற்கிற போர்த் டோரே அரண்மனையில் எந்த மன்னரும் குடியிருந்ததில்லை. 1931-இல் பிரான்ஸ் நடத்திய காலனியக் கண்காட்சிக்காகக் கட்டியது அது. அங்கோர் வாட்டுக்கே ஒரு நகல் எழுப்பிய கண்காட்சி. முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிட்டார்கள். இது மட்டும் நிரந்தர அருங்காட்சியகமாக இருக்கட்டும் என்று முதலிலேயே முடிவு.

அதன் பிறகு மாறியதெல்லாம் பெயர்ப்பலகைதான். காலனிகள் அருங்காட்சியகம், 1935-இல் 'கடல் கடந்த பிரான்ஸ்' என்றானது. காலனிகள் கைநழுவிய 1960-இல், ஆப்பிரிக்க, ஓசியானியக் கலைகளுக்கானது. 2003-இல் அதையும் மூடி, கலைப்பொருள்களை கே பிரான்லி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 2007 முதல் குடியேறிகளின் வரலாற்றுக்கான இடம். கீழ்த்தளத்தில் 1931-இலிருந்தே ஒரு மீன் காட்சியகம் இருக்கு. மீன்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்ல.

வெளிச்சுவர் அப்படியே இருக்கிறது. சிற்பி ஆல்ஃபிரெட் ஜானியோ ஆயிரம் சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பில் காலனிகளைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார். யானை, மரக்கலம், நெல், பருத்தி, ரப்பர். எல்லாச் சரக்கும் நடுவாசலை நோக்கி நகர்கிறது. அங்கே மார்செய், போர்தோ என்று பிரெஞ்சுத் துறைமுகங்கள் காத்திருக்கின்றன. ரொம்ப அழகான வேலை. அதுதான் எனக்குப் பிரச்சினை.

என் தாத்தா பால்மரம் சீவியவர். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி வீட்டில் கேட்ட எதுவும் இந்தக் கல்லில் இல்லை. கங்காணி இல்ல, கடன் இல்ல, லயத்து மலேரியா இல்ல. வலுவான உடம்புகள் நடனம் மாதிரி உழைக்கின்றன. தாத்தா சீவியது பிரிட்டிஷ் மலாயாவில், இந்தச் சுவர் பிரான்சுடையது. ஆனாலும் தொழிலாளியை அலங்காரமாக்குகிற பார்வைக்குக் கொடி வித்தியாசம் கிடையாது.

கட்டுமானத் துறையில் இருப்பதால் இதையும் சொல்லணும். ஆல்பெர் லப்ராத் வடிவமைத்த இந்தக் கட்டடத்தின் எலும்புக்கூடு கான்கிரீட், கல் வெறும் மேல்தோல். அப்போ உரித்து எடுத்துவிடலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உரித்தால் தப்பிப்பது பிரான்ஸ்தான். ஒரு பேரரசு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட பொய்க்கு இவ்வளவு முழுமையான ஆவணம் வேறெங்கே கிடைக்கும்?

என் விமர்சனம் 2007-இல் உள்ளே வந்தவர்கள் மீது. குடியேற்றத்தைச் சொன்னார்கள், காலனியத்தை ஓரமாகத் தள்ளினார்கள். சரக்கு எங்கிருந்து வந்ததென்று சுவர் பச்சையாகச் சொல்ல, ஆட்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி உள்ளே அதோடு சேரவே இல்லை. 2023-இல் திருத்திய நிரந்தரக் காட்சி, அடிமைச் சட்டம் எழுதப்பட்ட 1685-இல் தொடங்குகிறது. தாமதம்தான், ஆனால் சரியான தொடக்கம்.

அதற்கு முன்பே சிலர் இந்த இரண்டையும் இணைத்துக் காட்டிவிட்டார்கள். 2010 அக்டோபரில் ஆவணமில்லாத தொழிலாளர்கள் வதிவிட உரிமை கேட்டு இந்த அருங்காட்சியகத்துக்குள் புகுந்தார்கள். சமையல்கட்டு, கட்டட வேலை, துப்புரவு என்று உழைத்தவர்கள். பலருடைய ஊர் பழைய பிரெஞ்சு ஆப்பிரிக்கா. சரக்கு போன அதே வாசல் வழியாகப் போய், ஜனவரி வரை அங்கேயே படுத்து எழுந்தார்கள்.