ரிசீவர் கணக்கு: கோட்டுக்குக் கீழே இருப்பது யார்?

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு பத்தி. குவார்ட்டர்பேக் எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். கல்லூரி அணிகளில் ஆடியவர்களை என்எஃப்எல்-இன் 32 அணிகளும் ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற தேர்வில், 7 சுற்றுகளாக, முறை வைத்து எடுத்துக்கொள்ளும். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதை வைத்தே ஒருவரின் முதல் ஒப்பந்தத் தொகை அமையும். முதல் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் நடுவே பல கோடி ரூபாய் வித்தியாசம் உண்டு. அதனால் 21 வயதுப் பையனின் கல்லூரிப் புள்ளிவிவரத்தை எப்படிப் படிக்கிறோம் என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

இந்த எண்களைப் படிக்க நிறைய அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நான் எண்களின் கட்சிதான். "வீடியோவைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்கிற ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் நம்ம கட்சியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் பின்னங்கள். மேலே இருக்கும் எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். கோட்டுக்குக் கீழே எதை வைத்தோம், அதை வைத்ததால் என்ன சொல்லிவிட்டோம் என்பதை யோசிப்பதில்லை.

மொத்த யார்டுகளை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெஸ்ட் வர்ஜீனியாவின் டேவன் ஆஸ்டின் 2012-இல் 114 பந்துகளைப் பிடித்து 1,289 யார்டு எடுத்தார். அடுத்த ஆண்டு எட்டாவது ஆளாகத் தேர்வானார். என்எஃப்எல்-இல் பந்து பிடித்து அவர் எடுத்த யார்டு எந்த சீசனிலும் 509-ஐத் தாண்டவில்லை. பிடித்த பந்துக்கு 11 யார்டு சொச்சம் என்ற கல்லூரிச் சராசரியே கொஞ்சம் எச்சரித்திருக்க வேண்டும். குட்டி குட்டி எறிகளாக நிறையப் பிடித்தால் மொத்தம் தானாகவே வீங்கும்.

இந்த வீக்கத்தைச் சரிசெய்ய வந்ததுதான் "டாமினேட்டர் ரேட்டிங்". அணி மொத்தமாகப் பந்து பிடித்து எடுத்த யார்டில் இவர் பங்கு எத்தனை சதவீதம், டச்டவுனில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். யோசனை நல்ல யோசனை. எப்போதாவதுதான் பந்தை எறியும் அணியில் 800 யார்டு எடுப்பதும், நாள் பூரா எறியும் அணியில் 800 எடுப்பதும் ஒன்றில்லை, இல்லையா?

ஆனால் அணியின் மொத்தத்தைக் கீழே வைத்த அந்த நொடியிலேயே, அறியாமல் ஒரு அனுமானத்தையும் சேர்த்து வைத்துவிடுகிறோம்: எல்லாருடைய சக வீரர்களும் ஏறக்குறைய ஒரே தரம் என்று.

2020 டிராஃப்டைப் பாருங்க. 21-ஆவது இடத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டிசியு-வின் ஜேலன் ரேகரை எடுத்தது. 22-ஆவது இடத்தில் மினசோட்டா வைகிங்ஸ் எல்எஸ்யு-வின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. கல்லூரியில் ஜெஃபர்சனின் கடைசி சீசன் 111 பிடிப்பு, 1,540 யார்டு, 18 டச்டவுன். ரேகரின் கடைசி சீசன் 611 யார்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 2018-இல், அவர் எடுத்தது 1,061.

மொத்தத்தில் ஜெஃபர்சன் எங்கேயோ நிற்கிறார். பங்கு என்று பார்த்தால் படம் மாறும். 2019 எல்எஸ்யு-வில் ஜோ பர்ரோ மட்டும் 5,671 யார்டு எறிந்தார். அதே அணியில் ஜமார் சேஸ் 1,780 யார்டும் 20 டச்டவுனும் எடுத்தார். ஆகவே ஜெஃபர்சனின் 1,540 என்பது அணியின் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். டிசியு-வின் சுமாரான பாஸிங்கில் ரேகரின் 1,061 அதைவிடப் பெரிய துண்டு. ஈகிள்ஸ் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ரேகரை எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருந்தாலும் அது தடுத்திருக்காது என்கிறேன். முதல் சீசனில் ஜெஃபர்சன் 1,400 யார்டு, ரேகர் 396.

ஜெஃபர்சன் யாரோடு பங்கு போட்டார்? அடுத்த ஆண்டே ஐந்தாவது ஆளாகத் தேர்வான சேஸோடு. ரேகர் பங்கு போட்ட ஆட்கள் அந்தத் தரம் இல்லை. வீட்டில் சாப்பாட்டுராமன் நாலு பேர் இருந்தால் உங்கள் இலைக்கு வருவது குறையும். அதை வைத்து உங்களுக்குப் பசி குறைவு என்று சொல்ல முடியுமா?

இதன் உச்சம் 2019 அலபாமா. ஸ்மித் 1,256, ஜூடி 1,163, ரக்ஸ் 746, வாடில் 560. நாலு பேரும் சேர்ந்து 3,725 யார்டு. நாலு பேருமே பிற்பாடு முதல் சுற்றில் போனார்கள். இதில் வாடிலின் பங்கு, நாலு பேர் கணக்கை மட்டும் எடுத்தாலே, 15 சதவீதம். டாமினேட்டர்படி அவர் அந்த ஆண்டு கண்ணில் படவே மாட்டார். 2021-இல் அவர் மயாமிக்காக 104 பந்து பிடித்தார். முதல் சீசன் ஆடும் ஒருவருக்கு அப்போது அது சாதனை.

"சரி, சக வீரர்களின் தரத்தையும் கணக்கில் சேர்த்துட்டா போச்சு" என்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அலபாமாவில் நாலு பேரும் தங்கம் என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். 2020 ஏப்ரலில் ஸ்மித்தும் வாடிலும் இன்னும் கல்லூரியில்தான் இருந்தார்கள். சக வீரர்கள் பின்னாளில் எந்தச் சுற்றில் போனார்கள் என்பதை மாதிரிக்குள் போட்டால், அது விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுவதுதான். தேர்வு நாளன்று கையில் இருந்த தகவல், அதாவது பள்ளிக்கூடக் காலத்து நட்சத்திர மதிப்பீடு, அதுவரை ஆடிய ஆட்டம், இவற்றை மட்டும் வைத்துத் திருத்தினால் நியாயம்.

அடுத்தது வயது. எந்த வயதில் முதன்முதலாக 20 அல்லது 30 சதவீதப் பங்கைத் தொட்டார் என்பது "பிரேக்அவுட் வயது". 19 வயதில் 22 வயது ஆட்களை ஏய்த்து ஓடுபவனிடம் ஏதோ இருக்கிறது என்பது சரியான உள்ளுணர்வு. ஆனால் இதுவும் அதே பங்கின் மேல் கட்டிய மாடிதான். டெவான்டா ஸ்மித் 2017-இல், முதல் ஆண்டில், மொத்தமே 8 பந்துதான் பிடித்தார். அதில் ஒன்று தேசிய இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில், கோப்பையை வென்று கொடுத்த 41 யார்டு டச்டவுன். அப்போது கால்வின் ரிட்லி போன்ற மூத்தவர்கள் முன்னால் இருந்தார்கள். இவர் வரிசையில் நின்றார். வரிசையில் நின்றதை "தாமதமாக மலர்ந்தவர்" என்று கணக்கு எழுதிவிடும்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது, ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் எத்தனை யார்டு என்ற அளவு. காயத்தால் ஆடாத நாள், பெஞ்சில் உட்கார்ந்த நேரம் எதுவும் கீழே வராது. பூகா நக்குவா 2022-இல் பிஒய்யு-வுக்காக 9 ஆட்டத்தில் 625 யார்டுதான் எடுத்தார். மொத்தம் பார்த்தவர்கள் கடந்து போனார்கள். 177-ஆவது ஆளாக, ஐந்தாம் சுற்றில் போனார். முதல் சீசனிலேயே 105 பிடிப்பு, 1,486 யார்டு. வாடிலின் சாதனை உடைந்தது. ஆனால் இந்த அளவிலும் கவனம் வேண்டும். கீழே இருக்கும் எண் சிறிதாக இருந்தால் இரண்டு நீளமான பிடிப்பு போதும், விடை எகிறிவிடும்.

இனி மாதிரிகளைப் பற்றி ஒரு குறை. "டிராஃப்டில் போனவர்களை எடுத்துப் பார்த்தேன், 40 யார்டு ஓட்ட நேரத்துக்கும் வெற்றிக்கும் பெரிய தொடர்பில்லை" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். உதாரணம் தயார்: 4.22 விநாடியில் ஓடிய ஜான் ராஸ் 2017-இல் ஒன்பதாவது ஆள், முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 4.62-இல் ஓடிய கூப்பர் கப் அதே ஆண்டு 69-ஆவது ஆள், 2021-இல் 1,947 யார்டு. ஆனால் யோசிங்க: 4.62 ஓடுகிற ஒருவர் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தார்? ஈஸ்டர்ன் வாஷிங்டனில் 6,464 யார்டு எடுத்ததால். மெதுவாக ஓடி, வேறு திறமையும் இல்லாதவர்கள் பட்டியலிலேயே இல்லை. வாசலில் வடிகட்டிய பிறகு உள்ளே நின்று அளந்தால், வடிகட்டப் பயன்பட்ட குணம் பயனற்றதாகத்தான் தெரியும். அதற்காக வேகம் வீண் என்று ஆகிவிடாது.

வெற்றியை அளப்பதிலும் இதே கதை. முதல் சுற்று ஆளுக்கு வாய்ப்பு மேல் வாய்ப்பு கிடைக்கும், ஏன்னா அணி அவர்மேல் பணம் போட்டிருக்கிறது. ஆறாம் சுற்று ஆள் ஒரு பந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பிறகு யார்டைக் கூட்டிப் பார்த்து, "தேர்வு வரிசை அருமையாகக் கணிக்குது" என்றால், வாய்ப்பைத்தான் பாதி அளந்திருக்கிறோம். அதனால்தான் 21-உம் 22-உம் எனக்கு இவ்வளவு முக்கியம். இருவருக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்று, வாசல் ஒரே அகலம்.

இனிமேல் யாராவது ஒரு ரிசீவரின் சதவீதத்தைக் காட்டினால் நான் மூன்று கேள்வி கேட்பேன். கீழே இருக்கும் எண்ணில் யாருடைய யார்டெல்லாம் இருக்கிறது? இவர் களத்தில் இல்லாத நேரமும் அதற்குள் வந்துவிட்டதா? இந்தப் பட்டியலுக்கு வெளியே யார் விடுபட்டார்கள்? பதில் கிடைத்த பிறகுதான் மேலே இருக்கும் எண்ணுக்கு அர்த்தம்.

ஈகிள்ஸ் 2021-இல் எடுத்தது அந்த வரிசையில் நின்ற ஸ்மித்தை. முதல் சீசனில் 916 யார்டு. 2022 ஆகஸ்டில் ரேகரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் மினசோட்டா, ஜெஃபர்சன் ஆடுகிற அணி.