படம் மட்டும் போதுமா?

கணினியில் ஜிமெயிலைத் திறந்து ஒரு மடலுக்குள் போனால் மேலே வரிசையாகக் குட்டிப் படங்கள். குப்பைத்தொட்டி புரிகிறது. அதற்கு இடப்பக்கம், எண்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி: ஸ்பாம் என்று புகார் சொல்ல. அதற்கும் முன்னால் கீழ்நோக்கிய அம்பு போட்ட ஒரு பெட்டி. வேறு தளங்களில் கீழ்நோக்கிய அம்பு என்றால் டவுன்லோடு. இங்கோ அது மடலை இன்பாக்ஸிலிருந்து எடுத்து ஆர்கைவுக்கு அனுப்பிவிடும். டவுன்லோடு என்று நம்பி அழுத்தியவர் மடல் தொலைந்தது என்றுதான் நினைப்பார். மவுஸை மேலே வைத்தால் பெயர் தெரியுமே என்பார்கள். போனில் மவுஸுக்கு எங்கே போவது?

படத்துக்குப் பதில் எழுத்தையே பட்டனில் வைத்துக்கொள்ள செட்டிங்ஸில் கூகுளே வழி தந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த செட்டிங்ஸுக்குள் நுழையும் வாசலும் ஒரு பல்சக்கரப் படம்தான்!

பார்த்ததும் புரியும், மொழி வேண்டாம் என்பது ஐகான் ஆதரவாளர்களின் பழைய வாதம். ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அந்தப் படத்தை அழுத்தித்தான் கோப்பைச் சேமிக்கிறார்கள். சாயலால் வந்த புரிதலா அது? வெறும் பழக்கம். மெனுவைக் குறிக்கும் மூன்று கோடுகளை 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தார். பட்டியலின் தோற்றத்தையே சுருக்கிய வடிவம். அப்படியிருந்தும் ஸ்மார்ட்போன் காலத்தில்தான் அது ஊரறிந்த குறியானது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் உதவும் என்ற வாதத்துக்குக் கனம் அதிகம். நம் தேர்தல் சின்னங்களே சாட்சி. ஆனால் உதயசூரியனும் இரட்டை இலையும் சுவர் சுவராக, மேடை மேடையாகப் பழக்கப்பட்டவை. வாக்குப்பதிவு இயந்திரத்தில்கூட வேட்பாளர் பெயர் கூடவே இருக்கிறது. ஒரு வலைத்தளத்தின் ஐகானுக்கு அந்தப் பிரசாரத்தை யார் செய்வது?

தமிழ்ச் சொற்கள் நீளம், படம் வைத்தால் இடம் மிச்சமாகும் என்பதைத் தமிழ்த் தளங்கள் விரும்பிச் சொல்லும். பாதிதான் உண்மை. ‘தேடு’, ‘அனுப்பு’, ‘நீக்கு’ எந்தப் பட்டனிலும் அடங்கும்.

என் தீர்ப்பு இது: தேடலுக்குப் பூதக்கண்ணாடி, மூடுவதற்குப் பெருக்கல் குறி இரண்டும் தனியே நிற்கலாம். அவற்றுக்கும் நிரலுக்குள் பெயர் எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அவை வெறும் ‘பட்டன்’தான். குப்பைத்தொட்டியும் தனியே இருக்கட்டும், ஜிமெயில் போல 30 நாள் வரை மீட்க வழியிருந்தால். மற்ற எல்லாப் படத்தோடும் எழுத்து வர வேண்டும். பணம் கைமாறும் பட்டனில் எழுத்து மட்டும் போதும்.