ஒரே மிதவையை நம்பிய தீவு

அலங்காநல்லூரில் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவருக்குக் கடல் ஞாபகம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இந்தியன் ஆயில் பங்க் என்றால், அந்தப் பெட்ரோல் பெரும்பாலும் சென்னை மணலியில் சுத்திகரிக்கப்பட்டு, திருச்சி வழியாக மதுரை வரை பூமிக்கடியில் குழாயில் வந்ததாக இருக்கும். மணலிக்கான கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில், பக்கவாட்டில் கட்டி நிறுத்திய கப்பலிலிருந்து இறங்குகிறது. கொழும்பில் கதை வேறு. அங்குள்ள சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் கொண்டுவரும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதே இல்லை. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் ஒரு மிதவையில் கட்டிக்கொண்டு நிற்கிறது.

மேய்ச்சல் காட்டில் முளைக்குச்சியில் கட்டிய மாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதாகப் புரியும். மிதவையைக் கடலடித் தரையோடு பல நங்கூரச் சங்கிலிகள் பிடித்திருக்கும். கப்பலின் மூக்கு மட்டும் தடித்த நைலான் வடத்தால் அதில் கட்டப்படும். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் கப்பல் மிதவையைச் சுற்றித் திரும்பும். பக்கவாட்டில் அலை மோதாததால் வடத்தில் இழுவிசை குறைவு. எண்ணெய் மிதக்கும் ரப்பர் குழாய் வழியாக மிதவைக்கு வந்து, கடலடிக் குழாயில் இறங்கிக் கரைக்குப் போகிறது. காற்று ஓய்ந்தால்தான் ஆபத்து. கப்பல் தானே நகர்ந்து மிதவையின் மேல் ஏறிவிடும். அதனால் பின்னால் ஓர் இழுவைப் படகு விடாமல் இழுத்துப் பிடித்திருக்கும். கப்பலை மிதவையில் கட்டும் பொறுப்பிலுள்ள மூரிங் மாஸ்டர் எண்ணெய் இறங்கி முடியும்வரை கப்பலிலேயே இருந்து வடத்தின் இழுப்பைக் கவனிப்பார். அலை வரம்பு மீறினால் குழாயைக் கழற்றி, கப்பலை அவிழ்த்து விட வேண்டியதுதான்.

மூன்று லட்சம் டன் கப்பல் முழுச் சரக்கோடு நிற்க இருபது மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். அதற்குத் துறைமுகத்தைத் தோண்டுவதைவிட மிதவை மலிவு. இந்தியாவில் வாடினார், முந்த்ரா, பாரதீப், விசாகப்பட்டினம், மங்களூரு என்று இப்படிப்பட்ட மிதவைகள் வரிசையாக உண்டு. கொச்சியில் புதுவைப்பு கடற்கரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் அப்பால் 2007 முதல் ஒன்று இருக்கிறது. கொச்சி ஆலையின் பெட்ரோல், டீசல் கோவை வழியாகக் கரூர் வரை குழாயில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளித்து கொச்சி மிதவை சில நாள் முடங்கினாலும் மதுரைக்காரர் கலங்க மாட்டார். மணலி இருக்கிறது. சென்னையில் புயல் என்றால் கொச்சி இருக்கிறது.

இலங்கைக்கு அந்த வசதி இல்லை. 1969இல் தொடங்கிய ஒரே சுத்திகரிப்பு ஆலை, அதற்குக் கச்சா எண்ணெய் இறக்க ஒரே மிதவை. அங்கே எண்ணெய் முதலில் ஒருகொடவத்தைத் தாங்கிகளுக்குப் போய், பிறகு ஆலைக்குப் பாய்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் காத்து நிற்க வேண்டியதுதான். 2022இல் கடல் அமைதியாக இருந்தபோதும் கப்பல் நின்றது. 90,000 டன் ரஷ்யக் கச்சா எண்ணெயோடு வந்த கப்பல், கொடுக்க டாலர் இல்லாததால் ஒரு மாதத்துக்கும் மேல் கொழும்புக்கு வெளியே காத்துக் கிடந்தது. ஆலை மூடிக் கிடந்தது. கரையில் எரிபொருள் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை நின்றது. மிதவை இருந்தென்ன, கையில் காசு வேண்டாமா?

எண்ணெய்க் கசிவில் மட்டும் இரண்டு நாட்டுக் கரைகளும் ஒன்றுதான். இலங்கையின் முத்துராஜவெல எண்ணெய்க் கிடங்கை ஒட்டிய கடலடிக் குழாய் 2018 செப்டம்பரில் உடைந்து எண்ணெய் கரையில் ஒதுங்கியது. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் பட்டினச்சேரியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாய் கசிந்தது. மீனவர்கள் அதை அடியோடு அகற்றச் சொல்லிப் போராடினார்கள். நடுக்கடலில் மிதவை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், குழாய் கரையேறும் இடத்தில் இருப்பவர்கள் மீனவர்கள்தான். திட்ட அறிக்கைகளில் மிதவைக்குக் கிடைக்கும் கவனம் கரையேறும் அந்தக் கடைசித் தூரத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், மிதவையே தேவைப்படாத அளவுக்கு ஆழமான இயற்கைத் துறைமுகம் இலங்கைக்குத் திருகோணமலையில் இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும் அங்கே உண்டு. அவற்றை மேம்படுத்த 2022 ஜனவரியில் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளையோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் ஆலை இருப்பது தீவின் எதிர்ப்பக்கம். இரண்டையும் இணைக்க ஒரு குழாய்கூடக் கிடையாது.