நாமகிரி எழுதாத அறிக்கை

திருக்கோவிலூர் என்றதும் தென்பெண்ணை ஆறும், அதன் நடுவே நிற்கும் கபிலர் குன்றும் நம் நினைவுக்கு வரும். பாரியின் தோழர் கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊருக்கு, 1910ஆம் ஆண்டில் இன்னொருவரும் வந்தார். கையிலே குறிப்பேடுகள், வயிற்றிலே பசி! துணை ஆட்சியர் வி. இராமசாமி அய்யரிடம் அவர் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேட்டைப் புரட்டிய அய்யரோ, 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இந்த அறிவை வருவாய்த் துறையின் அடிப்படியில் போட்டுப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். வந்தவர் இராமானுசன். 2019இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்தத் திருக்கோவிலூர் இன்று நம் ஊர்.

பிறகு நடந்ததை மேடையும் மலரும் எப்படிச் சொல்கின்றன? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்தாள், சூத்திரம் தந்தாள், சீமை வியந்தது என்று! அவரே அப்படித்தான் நம்பினார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கனவுக்கும் அச்சேறிய ஆய்வுரைக்கும் இடையே எத்தனை ஆண்டு உழைப்புக் கிடக்கிறது என்பதை அந்தக் கதை மறைக்கிறதே, அதுதான் நம் வழக்கு.

இராமானுசனுக்கு எழுதத் தெரிந்திருக்கவில்லை. ஆம், கணக்குத் தெரியும். கணக்கை எழுதத் தெரியாது! பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிட்டியது கார் என்பவரின் தொகுப்பு நூல். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் அணிவகுத்து நின்றன; நிறுவலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. கணக்கென்றால் இப்படித்தான் எழுதுவது என்று கற்றுக்கொண்டார். தாள் வாங்கக் காசில்லை. எனவே பலகையில் போட்டு, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் ஏட்டில் ஏற்றினார். வழி அழிந்தது; விடை நின்றது.

1911இல் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை கணிதக் கழக இதழில் வந்தது. வருமுன் அது பதிப்பாசிரியர் நாராயண அய்யங்காருக்கும் அவருக்குமிடையே மீண்டும் மீண்டும் அலைந்தது. புதுமை உண்டு, தெளிவு இல்லை, பழகாத வாசகன் பின்தொடர முடியாது என்பது பதிப்பாசிரியரின் குறை. நாமகிரி அந்தப் படியைத் திருத்தித் தரவில்லை!

இனி 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்சு ஹார்டிக்கு எழுதப்பட்ட புகழ்பெற்ற கடிதத்தை, பூசைப்பொருளாக அன்றி, ஒரு விண்ணப்பமாகப் படித்துப் பாருங்கள். நண்பர்கள் துணையோடு எழுதப்பட்ட அதன் தொடக்கம் அருமையானது. துறைமுகக் கணக்கர், ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம், பல்கலைக்கழகப் படிப்பில்லை, ஓய்வு நேரத்தில் கணிதம் என்று நான்கே செய்திகள், புலம்பல் இல்லை. கேட்பதும் தெளிவு: மதிப்புண்டு எனில் என் தேற்றங்களை வெளியிட உதவுங்கள். பின்னர்தான் சரிவு. பக்கம் பக்கமாக முடிவுகள், வழி இல்லை. பகா எண்களைப் பற்றி அவர் உரைத்த பெரிய உரிமை பிழையென்றே தெரிந்தது. முன்னர் எழுதிய பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. ஹில் குறை சுட்டி ஒரு நூலைப் படிக்கச் சொன்னார். அவர்களைத் தூற்றுவது எளிது. ஆனால் நிறுவல் இல்லாத தாள்கட்டு நம் மேசைக்கு வந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ஹார்டியும் தம் மறுமொழியில் முதலில் கேட்டது நிறுவலைத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் திங்களுக்கு 75 ரூபாய் நல்கை தந்தது. கூடவே ஒரு நிபந்தனை: மூன்று திங்களுக்கொரு முறை ஆய்வறிக்கை! மூன்று அறிக்கைகள் கொடுத்தார். என் கருத்தில், கடிதத்தைவிட இவையே நம் இளைஞர் அறிய வேண்டியவை. முதன்முறையாக அவர் தம் வழியை வரிசையாகச் சொல்ல முயல்கிறார். இன்று அவருடைய 'தலைமைத் தேற்றம்' என வழங்குவது அங்கேதான் விளக்கம் பெறுகிறது. நிறுவல் முழுமையன்று, ஆயினும் இன்னொருவருக்குப் புரிய வேண்டுமே என்ற கவலை தெரிகிறது. 1915இல் உயர்பகு எண்கள் பற்றிய நீண்ட ஆய்வுரை இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. அதற்காகவே 1916இல் கேம்பிரிட்சு பட்டம் தந்தது. அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டார், கற்பித்தனர்.

யார் கற்பித்தனர்? பட்டியலைப் பாருங்கள்: அய்யர், அய்யர், அய்யங்கார், ராவ், பிறகு வெள்ளையர். வறுமை இராமானுசனை வாட்டியது. அவருடைய குலமோ கதவைத் திறந்தது. அவர் அறிவைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் மலையாளிப் பழங்குடி மாணவனுக்கு அறிமுகக் கடிதம் எழுதித் தர எந்தத் துணை ஆட்சியர் இருந்தார்? "மேதை தானே வெளிப்படுவான்" என்பவர்களைத்தான் கேட்கிறேன்.

நானும் குற்றவாளிதான். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் தம் எண்ணத்தை எழுதி அனுப்பலாம். தேர்ந்தால் 10,000 ரூபாய். கல்வராயன் மலைச் சிறுமி ஒருத்தி, துவரையில் வண்டு விழாமலிருக்க வீட்டில் நொச்சித் தழை போடுவதை எழுதி வந்தாள். கலைப் பட்டதாரியான நான் என்ன செய்தேன்? "பாட்டாளி மக்களின் பசிப்பிணி போக்கும் பைந்தமிழ் மண்ணின் பச்சிலை" என்று அலங்கரித்துக் கொடுத்தேன். மேடைத் தமிழ்! எத்தனை நாள், எத்தனை மணி, நொச்சி போடாத பானையில் என்ன ஆயிற்று என்று ஒன்றுமே அதில் இல்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

மறு ஆண்டு அவளையே எழுதச் சொன்னேன். இரண்டு பானை, இரண்டிலும் ஒரே அளவு துவரை. ஒன்றில் நொச்சி, மற்றதில் இல்லை. பத்து நாளுக்கொரு முறை நூறு மணி எடுத்துத் துளைபட்டவற்றை எண்ணுவேன். பணம் பானைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் வேண்டும். தழை காய்ந்த பிறகும் வண்டு வராதா என்றும் பார்க்க வேண்டும். அரைப் பக்கம்தான். கையில் சிவப்பு மையை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் தொடவில்லை.