அண்ணாமலைச் சீமையின் கூத்துப் பரம்பரைகளும் திரைப் பிரவேசத்தின் தரமும்

திருவண்ணாமலை வட்டாரத்துக் கூத்து மரபைக் குறித்து இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றத்துப் பெரியவர்கள் பணித்ததன்பேரில் இது எழுதப்படுகிறது. வில்வளைப்பு தொடங்கிப் பதினெட்டாம் போர் வரை எந்த இரவில் எந்த நாடகம் என்பதும், பகலில் பாரதப் பிரசங்கம் நடந்த கதையே இரவில் களரி ஏறும் என்பதும் மன்றத்தார் அனைவரும் அறிந்தவை. ஆகவே, பரம்பரைகளையும், அவை எதனை ஒரு கூத்தனின் தேர்ச்சிக்கு அடையாளமாகக் கொண்டன என்பதையும் மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்னும் பகுப்பு வழக்கில் இருந்தாலும், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிகளில் ஆடும் ஜமாக்களை, அதாவது ஆட்டக் குழுக்களை, அந்த இரண்டில் ஒன்றுக்குள் அடைப்பது எளிதன்று. செஞ்சிப் பக்கத்து மெட்டும் காஞ்சிப் பக்கத்து அடவும் இங்கே ஒரே களரியில் கலந்திருப்பதைக் கேட்டும் கண்டும் வந்திருக்கிறோம். பெருங்கட்டூர் வழியினர் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்க வேண்டும் என்பர். அந்த வழக்கில் இக்கட்டுரை தலையிடவில்லை. ஆயினும் அவ்வழியில் வந்த பெ. இராஜகோபால் 1990இல் சக கூத்தர்களோடு சங்கம் ஒன்றைக் கண்டதும், 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்கும் வேஷம் கட்டக் கற்பித்ததும், அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டதும் எந்தப் பாணியினரும் மறக்கத் தகாத செய்திகள்.

புரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதை மன்றத்தார் பொறுத்தருள வேண்டும். செய்யாற்றை அடுத்த அந்தச் சிற்றூரின் தம்பிரான் பரம்பரை இல்லாவிட்டால், கூத்து என்பது படித்தவர் பார்க்கத் தகாத ஆட்டம் என்ற எண்ணம் சென்னையில் இன்றும் நீடித்திருக்கக்கூடும். நடேச தம்பிரானின் ஆட்டத்தையும் கண்ணப்ப தம்பிரானின் ஆட்டத்தையும் கண்டுதான் ந. முத்துசாமி கூத்தின்பால் திரும்பினார்; 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குக் கண்ணப்ப தம்பிரானே ஆசானாக அமைந்தார். கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின், சிறகு முளைத்த முதியவர் கதையைக்கூட அப்பரம்பரை கூத்தாக்கிக் காட்டியது. கதை எந்த நாட்டதாயினும், கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் வந்து வழிவிட்டுத்தான் அது களரிக்குள் நுழைந்தது. கண்ணப்ப தம்பிரான் 2003இல் மறைந்த பின்னர் ஆண்டுதோறும் அவர் நினைவாகப் புரிசையில் நடக்கும் விழாவும், அவர் மகன் சம்பந்தன் அப்பரம்பரையைத் தாங்கி நிற்பதும் இம்மன்றத்திற்குப் பெருமை தருவன.

புரிசைக் களரிகளைப் பார்த்தே வளர்ந்தவரும் இக்கட்டுரையாளருக்குத் தாளம் பிடித்துத் தந்தவருமான மூத்த வாத்தியார் ஒருவர், ஒருவன் வேஷக்காரனா இல்லையா என்பதைத் திரைப் பிரவேசத்திலேயே தீர்த்துவிடுவார். இருவர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடித்து நிற்க, வேஷம் அதற்குப் பின்னிருந்து தன் வருகையைப் பாடும் கட்டம் அது. அவையோர்க்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய பாதமும் மட்டுமே. முகம் தெரியாது, கை தெரியாது. அந்த நிலையில் விருத்தத்தை, அதாவது தாளமின்றி இழுத்துப் பாடும் பாட்டை, முகவீணை என்னும் ஊதுகருவியின் சுருதிக்கு மேலே ஏற்றி நிறுத்தி, கட்டியங்காரனின் கேள்விக்கு வசனத்தில் விடை சொல்லி, மத்தளக்காரர் சொற்கட்டைத் தொடங்கும் கணத்தில் பாதம் தரையில் விழ வேண்டும். துரியோதனன் வேஷமானால் புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் கட்டியபின் உடம்பு முன்னும் பின்னும் சாய இடமே இராது. கல்யாண முருங்கை மரம் இலேசானதுதான் என்றாலும், கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய அந்தக் கட்டைகளோடு கிறிக்கி போடுவதற்கு, அதாவது நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாகச் சுழன்றாடுவதற்கு, முதுகெலும்பு கம்பம்போல் நிமிர்ந்திருக்க வேண்டும். திரை விலகும்போது மூச்சு வாங்கினால் வாத்தியார் மறுநாள் அந்தப் பையனுக்கு வேஷம் தர மாட்டார். திரை பிடிக்கத்தான் அனுப்புவார். திரை பிடித்துக்கொண்டே அடுத்தவனின் பிரவேசத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடம் ஏறும் என்பது அவர் கணக்கு.

இன்று களரிகளில் காணப்படும் பிரவேசம் அவ்வாறு இல்லை என்று சொல்வதில் யாரையும் குறை கூறும் நோக்கம் இல்லை. இளைய வாத்தியார்கள் பலர் திறமைசாலிகள். பெயர் சுட்ட வேண்டியதும் இல்லை. ஆயினும் திரை பிடித்த கை வலிக்கும் முன்பே வேஷம் வெளியே வந்து நிற்பதும், விருத்தத்தின் முதலடியோடு டோலக் முந்திக்கொள்வதும், கட்டியங்காரன் கேள்வி கேட்பதை விட்டுச் சினிமாப் பாட்டின் மெட்டில் இரட்டுற மொழிவதும் பெருகிவிட்டன. ஒலிபெருக்கி வந்தபோது குரலுக்கு உதவி என்றார்கள். இப்போது குரலே வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்ற நிலை. முகவீணை ஊதுபவர் கிடைப்பதில்லை என்று சொல்லி அவ்விடத்தில் மின் இசைப்பலகையை வைக்கிறார்கள். முகவீணைக்காரருக்குப் பங்கு தராமல் முகவீணைக்காரர் எங்கிருந்து கிடைப்பார்? ஊதுகிறவன் மூச்சும் பாடுகிறவன் மூச்சும் ஒன்றாய்ப் போகும் வித்தையை அந்தப் பலகை எந்தப் பொத்தானில் வைத்திருக்கிறது? கைப்பேசியில் படம் பிடிப்பவருக்காக, திரைக்குள் நடக்க வேண்டியதைத் திரைக்கு வெளியே நின்று செய்து காட்டும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. விடிய விடிய நடந்த கர்ண மோட்சத்தை நள்ளிரவுக்குள் முடித்துக் கணக்குத் தீர்க்கிறார்கள். கருமாதி வீட்டில் இறந்தவர்க்காக ஆடப்படும் அந்த நாடகத்தையே இப்படிச் சுருக்கத் துணிந்த பின், சுருக்கத் தகாதது என்று கூத்தில் எதுவும் மிஞ்சுமா என்பது தெரியவில்லை.

தரத்தை எழுத்தில் வைத்துக் காக்க முடியாது என்று கூறுவோர் உண்டு. காக்க முடியும் என்பதற்கு வேற்று நாட்டுக் கலை ஒன்று சான்று. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில், தோள்மேல் தோளாக ஏறி ஆளுயரம் பல கடந்து மனிதக் கோபுரம் எழுப்பும் ஊர்க்கலை ஒன்று உள்ளது. யுனெஸ்கோ 2010இல் அதனை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. உச்சிக்குக் குழந்தை ஏறிக் கையுயர்த்திவிட்டால் அங்கே கோபுரம் எழுந்ததாகிறது. ஆனால் ஏறியவர் அனைவரும் முறையாக இறங்கிய பிறகே முழுமையாக நிறைவேறியதாகக் கொள்வர். எழுப்பியதற்கும் இறக்கியதற்கும் அவர்கள் தனித்தனிச் சொல் வைத்துத் தரம் எழுதுகிறார்கள். வால்ஸ் என்னும் சிற்றூரில் இரண்டு குழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டியிட்டு வருவதால், ஒருவர் குறைத்தால் மற்றவர் சுட்டிக் காட்டுகிறார். ஒரு காலத்தில் நம் ஜமாக்களுக்குள்ளும் அத்தகைய போட்டி இருந்தது. எதிர் ஜமாவின் வாத்தியார் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் மங்களம் பாடும்வரை யாரும் அடவைச் சுருக்க மாட்டார்கள்.

ஆகவே மன்றம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பங்குனியில் வெற்றிலை பாக்கு மாற்றி ஆட்டம் பேசும்போதே, முகவீணைக்காரரின் பங்கு இவ்வளவு என்றும், முதன்மை வேஷங்களுக்குத் திரைப் பிரவேசம் முழுமையாக நடக்க வேண்டும் என்றும், விடியலில் மங்களம் பாடிய பின்னரே மீதிப் பணம் என்றும் ஊர் நாட்டாண்மையிடம் எழுதி வாங்கும் வழக்கத்தை மன்றத்து ஜமாக்களாவது வரும் ஆண்டிலிருந்து மேற்கொள்ள வேண்டும். முகவீணை கற்க விரும்பும் இரு பையன்களுக்கு மன்ற நிதியிலிருந்து உணவும் வழிச்செலவும் தரலாம் என்ற கோரிக்கையும் பெரியவர்கள் முன் வைக்கப்படுகிறது.